எண்ணெய்க் கிணற்றில் சேறு எதற்கு? – கேள்வி பதில்

எண்ணெய்க்காகத் துளை போடும் ரிக்கில் மட் இன்ஜினியராக, அதாவது துளைக்குள் ஓடவிடும் சேற்றை (மட்) கவனிப்பவராக, இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். எண்ணெய்க் கிணறு பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

பாலிடெக்னிக் மாணவர்: சார், துளை போடும்போது உள்ளே சேற்றை ஓடவிடுகிறார்களே, தண்ணீர் போதாதா?

பாறை கெட்டியாக இருந்து ஆழமும் குறைவென்றால் போதும் தம்பி. மணல் வந்தால் துளையின் சுவர் சரிந்துவிடும். டெக்சாஸில் ஸ்பிண்டில்டாப் குன்றில் துளை போட்ட ஹாமில் சகோதரர்கள் அப்படி ஒரு மணலில்தான் மாட்டிக்கொண்டார்கள். குட்டைத் தண்ணீரில் மாடுகளை இறக்கி, மிதிக்கவிட்டுக் கலக்கி, அந்தச் சேற்றை உள்ளே பம்பு செய்தார்கள் என்பது ரிக் ஆட்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. களிமண் சுவரில் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டது, துளை நின்றது. ஆனால் 1901 ஜனவரி 10 அன்று கிணறு குழாய்களையே வெளியே தூக்கி எறிந்துவிட்டு எண்ணெயைப் பீய்ச்சியது. நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பீப்பாய். அடக்க ஒன்பது நாள் ஆயிற்று. சுவரைப் பிடித்த சேற்றுக்கு அழுத்தத்தைப் பிடிக்கும் எடை இல்லை.

எடைக் கணக்கு சுலபம். 10 மீட்டர் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தும். மட்டின் அடர்த்தி 1.2 என்றால், 3000 மீட்டர் ஆழத்தில் 360 கிலோ. அந்தக் கனத்தைக் கூட்டத்தான் 1920களில் பாரைட் என்ற தாதுவின் பொடி வந்தது. அது தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம். உலகின் பெரிய பாரைட் படிவங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது.

பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்: எனக்கு இந்த வேலை கிடைக்குமா? முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

கிடைக்கும். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் வேதியியல்காரர்கள்தான். முதல் நாளே உங்கள் கையில் மார்ஷ் புனலைக் கொடுப்பார்கள். 1931இல் ஹாலன் மார்ஷ் சொன்ன கருவி, இன்றைக்கும் அதேதான். கீழ் ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு, மேலே உள்ள வலை வழியாக மட்டை ஊற்ற வேண்டும். விரலை எடுத்ததும் ஸ்டாப்வாட்சை அமுக்கி, குவளையில் 946 மி.லி. நிறைய எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். தண்ணீர் 26 விநாடியில் இறங்கிவிடும். நேற்று 45 வந்த மட் இன்று 60 காட்டினால் கீழே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். எண்ணைக் குறித்துக்கொண்டு உடனே ட்ரில்லரிடம் (துளை போடும் இயந்திரத்தை இயக்குபவரிடம்) சொல்லிவிடுங்கள்.

பிட் என்பது மரத்தில் துளை போடும் டிரில் மாதிரிதானா?

இல்லை. பிட் என்பது குழாயின் நுனியில் இருந்து பாறையைக் குடையும் பாகம். பழைய பிட் மீன்வால் வடிவத்தில் சுரண்டும். பாறை வந்தால் மழுங்கிவிடும். 1909இல் ஹோவர்ட் ஹியூஸ், பல் வைத்த இரண்டு கூம்புகள் உருண்டுகொண்டே பாறையை நொறுக்கும் பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1933இல் கூம்பு மூன்றானது. இப்போது செயற்கை வைரம் பதித்துப் பாறையைச் சீவும் பிட்தான் அதிகம்.

மேலே வரும் மட்டிலிருந்து கல், மண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் ஷேக்கர், அதாவது அதிரும் சல்லடை. கல் துணுக்குகள் அதன் மேல் நடந்துபோய் விழும். தப்பிய மணல் டிசாண்டருக்கும், அதிலும் தப்பிய பொடி டிசில்ட்டருக்கும் போகும். இரண்டும் கூம்புதான். மட் பக்கவாட்டில் வேகமாக நுழைந்து சுழலும். கனமானது சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்கும், லேசானது நடுவில் மேலேறும். உள்ளே சுழலும் பாகமே கிடையாது. நான்கு அங்குலக் கூம்பு ஏறக்குறைய 20 மைக்ரான் துகளையும் எடுத்துவிடும். தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் இருக்கும். அப்புறம் சென்ட்ரிஃபியூஜ். 1878இல் ஸ்வீடனின் டி லாவல் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கச் செய்த சுழல் இயந்திரமும் இதே தத்துவம்தான்.

ஒருமுறை ராத்திரி ஷிஃப்டில் ஷேக்கர் வலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிசல். நான் கவனிக்கவில்லை. விடிவதற்குள் மணல் பம்புக்குப் போய் அதன் இரண்டு லைனரை (உள் உறையை) அரித்துவிட்டது. அதிலிருந்து மணிக்கு ஒருமுறை டார்ச்சோடு வலையைத் தடவிப் பார்க்காமல் நான் இருந்ததில்லை.

கத்தாரில் வேலை பார்ப்பவர்: எங்கள் செபரேட்டரில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே பழுப்பாக ஒரு படலம் நிற்கிறது. டிமல்சிஃபையரைக் கூட்டலாமா?

அவசரப்படாதீர்கள். (மற்றவர்களுக்காக: செபரேட்டர் என்பது கிணற்றிலிருந்து வரும் எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் பாத்திரம். இரண்டும் கலந்து நிற்கும் குழம்பலை உடைக்கும் மருந்துதான் டிமல்சிஃபையர்.) அளவுக்கு மேல் போட்டால் சில எண்ணெய்களில் குழம்பல் இன்னும் கெட்டிப்படும். 1851இல் ஸ்டோக்ஸ் சொன்ன விதியை நினைத்துக்கொள்ளுங்கள்: துளியின் விட்டம் பாதியானால் அது பிரியும் வேகம் கால்வாசியாகும். ஆகவே துளியை உடைப்பது எது என்று முதலில் தேடுங்கள். ஓட்டத்தைக் குறுக்கும் சோக் வால்வோ, பம்போ, புதிதாகச் சேர்ந்த கிணறோ இருக்கலாம். பிறகு பாட்டில் டெஸ்ட். அதே எண்ணெயை ஆறு பாட்டிலில் எடுத்து, மருந்தை வேறு வேறு அளவில் விட்டு, ஒரே மாதிரி குலுக்கி, செபரேட்டரின் சூட்டிலேயே வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். எதில் தண்ணீர் தெளிவாக, கோடு கிழித்தாற்போல் பிரிகிறதோ அதுதான் அளவு. எதிலும் பிரியாவிட்டால் மின்புலம் வைத்துப் பிரிக்கலாம். ஃபிரெட்ரிக் காட்ரெல் கலிபோர்னியாவில் செய்து பார்த்து 1911இல் காப்புரிமை பெற்ற முறை. துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி இறங்கும்.

பி.ஓ.பி. இருந்தும் 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் எப்படி வெடித்தது?

பி.ஓ.பி. என்பது கிணறு பொங்கினால் அதன் வாயை மூடும் வால்வு அமைப்பு. அதை 1922இல் அபெர்க்ராம்பியும் ஹாரி கேமரனும் உருவாக்கினார்கள். பட்டறைத் தரையின் மரத்தூளில் படம் போட்டுக் காட்டினாராம் அபெர்க்ராம்பி. இரண்டு பக்கமும் கட்டைகள் வந்து குழாயை இறுக்கும். பின்னால் குழாயையே வெட்டும் கத்திகளும் வந்தன. நீங்கள் கேட்ட அந்த மெக்ஸிகோ வளைகுடாக் கிணற்றில் (பெயர் மக்காண்டோ) குழாய் வளைந்து ஓரமாக ஒதுங்கியிருந்ததால் கத்தியால் முழுசாக வெட்டி மூட முடியவில்லை.

என்னை அதிகம் வருத்துவது அதற்கு முந்திய சில நிமிடங்கள். பொங்கி வந்ததைக் கடல் பக்கம் திருப்பிவிடாமல், மட்–காஸ் செபரேட்டருக்கு அனுப்பினார்கள். அது மட்டில் கலந்து வரும் கொஞ்சம் காஸைப் பிரிப்பதற்கான பாத்திரம். தாங்காமல் காஸ் ரிக் மேலேயே கொட்டியது, தீப்பிடித்தது. 11 பேர் இறந்தார்கள். கிணற்றை அடக்க 87 நாள். எந்தச் செபரேட்டருக்கும் கொள்ளளவு உண்டு. தன் ரிக்கில் இருப்பது எவ்வளவு தாங்கும் என்று ட்ரில்லருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நன்னிலம் விவசாயி: எண்ணெயோடு வரும் தண்ணீரைச் சுத்தம் செய்துவிட்டோம் என்றால் நம்பலாமா?

எதைச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள் ஐயா. எண்ணெயை எடுக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. வடகடலில் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக்கூடாது என்பது விதி. நான் சொன்ன அதே சுழல் கூம்பு வகையே அங்கும் வேலை செய்கிறது. ஆனால் உப்பு கரைந்திருப்பது. எந்த செபரேட்டரும் அதை எடுக்காது. அந்தத் தண்ணீர் பெரும்பாலும் கடும் உப்பாக இருக்கும். வயலில் இறங்கினால் பயிர் கருகும். ஆழத்தில் திருப்பிச் செலுத்துவதுதான் முறை. உங்கள் போர் தண்ணீரை இப்போதே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனும் குளோரைடும் பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒருமுறை பாருங்கள். பின்னால் எண் கூடினால் பேச உங்கள் கையில் காகிதம் இருக்கும்.