கொப்பளித்தால் போகாத கிருமி

கேள்வி: காலையும் இரவும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிக்கிறேன். ஆனாலும் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம். "கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது, க்ளீன் செய்ய வேண்டும்" என்கிறார் பல் டாக்டர். க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கிருமி பசை போட்டா ஒட்டுகிறது?

பதில்: டாக்டர் சொன்னது அப்படியே உண்மை. ஈறு நோயில் முக்கியமான கிருமி போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். அதன் உடம்பைச் சுற்றி முடி போல நுண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வகை. நீள இழை ஒன்றரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைகூட வளரும். ஈறின் செல்களைப் பிடிப்பதில் இதற்கே பெரிய பங்கு. குட்டை இழை, பல்லில் ஏற்கெனவே குடியேறிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கோர்டோனி என்னும் கிருமியின் மேற்புறப் புரதத்தைப் பற்றும். முதலில் வந்தவர் தோளில் அடுத்தவர் ஏறுவது போலத்தான் பல் படலம் அடுக்கடுக்காகத் தடிக்கிறது.

இழைகளோடு, புரதத்தை வெட்டும் ஜின்ஜிபைன் என்ற நொதிகளும் அதன் மேற்பரப்பில் உண்டு. அவை ஈறின் திசுவைக் கரைக்கும். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை உடைத்து இரும்புச்சத்தை எடுத்துக் கொடுக்கும். ஆய்வகத்தில் ரத்தம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் இந்தக் கிருமி கறுப்பாகத் தெரிவது ஹீமோகுளோபினில் இரும்பு உள்ள ஹீம் என்ற பகுதி மேலே படிவதால்தான். ஆக, உங்கள் ஈறில் கசியும் ரத்தமே அதற்குச் சாப்பாடு. கூடவே இருக்கும் டானெரெல்லா ஃபோர்சித்தியா என்ற இன்னொரு கிருமி, புரத ஓடுகளை வரிசையாகப் பதித்தது போன்ற உறையைப் போர்த்திக்கொண்டிருக்கும்.

மவுத்வாஷ் ஈறுக்கு மேலே ஓடிவிடுகிறது. இவை இருப்பதோ ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பையில், பிசுபிசுப்பான படலத்துக்குள். கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினாலும் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட கம்பியால் பையின் ஆழத்தை அளப்பார். 1 முதல் 3 வரை சரி. 4, 5 என்று போனால், ரத்தமும் வந்தால், வேர் வரை க்ளீன் செய்ய வேண்டியிருக்கும். க்ளீன் செய்வதால் பல் ஆடாது. ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்திருக்கும். இடைவெளியை அடைத்திருந்த காரை (இறுகிக் கெட்டியான படலம்) போனதும் அது தெரியவருகிறது, அவ்வளவுதான். சில நாள் கூச்சம் இருக்கும். 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேயுங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். படலம் தடிப்பது அங்கேதான். பல் இடுக்குக்கு இடுக்கு பிரஷ். டாக்டர் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்ற மருந்து மவுத்வாஷ் எழுதித் தந்தால் 10 மில்லி, ஒரு நிமிடம், இரண்டு வேளை. பேஸ்ட்டுக்கும் அதற்கும் அரை மணி இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீங்களாக நீட்டிக்க வேண்டாம், பல்லில் பழுப்புக் கறை ஏறும்.