பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மூளை ரத்தக்குழாயைக் காக்கிறது என்றால், மாத்திரை போட்டால் பக்கவாதம் வராதா?

காக்கிறது என்பது ஆய்வகத்தில் உறுதியான விஷயம். மாத்திரையாகப் போட்டால் பக்கவாதம் குறையும் என்ற நம்பிக்கைதான் பொய்த்துப்போனது.

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலிய செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உண்டு. ஹார்மோன் அவற்றில் ஒட்டியதும் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி முடுக்கம் பெறுகிறது. அந்த வாயு அடுத்துள்ள தசையைத் தளர்த்த, குழாய் விரிகிறது. சினைப்பை நீக்கிய எலியின் மூளைத் தமனியில் சிறு துண்டை வெட்டி, இரு முனையிலும் கண்ணாடிக் குழல் செருகி, உள்ளே அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்த எலியின் தமனி அதே அழுத்தத்தில் அதிகம் விரிந்து நின்றது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை விட்டதும் வித்தியாசம் மறைந்தது.

அடைப்பு நேரும்போது சுற்றியுள்ள மூளைப்பகுதி, பக்கத்துக் கிளைக்குழாய்கள் தரும் சொற்ப ரத்தத்தில்தான் தாக்குப்பிடிக்கிறது. விரிந்த குழாய் அங்கேதான் கைகொடுக்கும். ரத்தம் திரும்பப் பாயும்போதும் ஆபத்து உண்டு: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து செல்லைச் சிதைக்கும் சூப்பராக்சைடு கிளம்பும், வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டும், செல்களுக்கிடையிலான பிணைப்பு தளர்ந்து நீர் கசிந்து மூளை வீங்கும். விலங்குகளில் இம்மூன்றையும் ஈஸ்ட்ரோஜன் மட்டுப்படுத்துகிறது.

ஆனால் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (இன்னொரு பெண் ஹார்மோனின் செயற்கை வடிவம்) சேர்ந்த மாத்திரையைச் சோதித்து, 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். ஆண்டுக்கு 10,000 பேரில் பக்கவாதம், வெற்று மாத்திரை போட்டவர்களிடம் 21 ஆகவும் மருந்து போட்டவர்களிடம் 29 ஆகவும் இருந்தது. கர்ப்பப்பை நீக்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த சோதனையும் 2004இல் நின்றது. அங்கும் பக்கவாதம் கூடியது.

இந்தச் சோதனைகளில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது சுமார் 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆனவர்களே அதிகம். கொழுப்பு படிந்த சுவரில் சேரும் 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் என்ற கொலஸ்ட்ரால் வழிப்பொருள் அதே ஏற்பிகளில் உட்கார்ந்து ஈஸ்ட்ரோஜனின் வேலையைக் கெடுப்பது எலிகளில் தெரிந்திருக்கிறது. நலமான சுவரில் பலிப்பது நோயுற்ற சுவரில் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது என் கணிப்பு. இன்னொன்று, விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பட்டை அந்த வழியைத் தவிர்க்கிறது.

எனவே பக்கவாதத்தைத் தடுக்கவென்று ஈஸ்ட்ரோஜன் எடுக்காதீர்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் உடல் கொதிப்பும் வியர்வையும் தாங்கமுடியாமல் போனால் மருத்துவரிடம் கேளுங்கள். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குவதே ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. முன்பு பக்கவாதம், காலில் ரத்தக்கட்டு, கண்ணில் மின்னலடிக்கும் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹார்மோன் தரலாமா, தந்தால் மாத்திரையா பட்டையா என்பதை அதைவைத்துத்தான் முடிவுசெய்வார்.