ஸ்காட்லாந்தில் 3 நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு லிங்க்ஸ் (கடலோர மணல் மேட்டு) கோல்ஃப் மைதானம் என்றால் எதில் ஆடுவது?

நார்த் பெரிக். அதுவும் இரண்டு முறை.

(எடின்பரோ பக்கத்துக் கடலோர ஊர். எழுத்தில் 'பெர்விக்' என்றுதான் இருக்கும். உள்ளூரில் நடுவில் வரும் 'வ' காதில் விழாது.)

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜூன் மாதம், எடின்பரோவில் தங்கல், ஹாண்டிகேப் 22 (அதாவது சுமாரான ஆட்டக்காரர்), மனைவி கோல்ஃப் ஆட மாட்டார், மனசு பேர்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தில் இருக்கிறது. எனக்கும் முதல் தடவை அங்கேதான் மனசு இருந்தது. "இவ்வளவு தூரம் போகிறோமே" என்று 3 நாளில் 4 மைதானம் போட்டுக்கொண்டேன். அந்த 3 நாளில் நான் அதிகம் பார்த்தது வாடகைக் காரின் வைப்பரைத்தான். இன்று யோசித்தால் எந்தக் குழி எந்த மைதானத்தில் இருந்தது என்பதுகூடக் கலங்கிப்போய்க் கிடக்கிறது.

ஓல்ட் கோர்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது பொது மைதானம், யாரும் ஆடலாம், அதெல்லாம் சரி. ஆனால் முன்கூட்டியே இடம் பிடிக்காதவர்கள் ஆட்டத்துக்கு 2 நாள் முன்பு நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 2 பேர் வேண்டும். மனைவி ஆட மாட்டார் என்பதால் நீங்கள் தனி ஆள். தனி ஆட்கள் முன்பெல்லாம் ராத்திரியே போய் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். 2024இல் அதை நிறுத்திவிட்டு, முந்தின நாள் நேரில் போய்ப் பதிவு செய்கிற மாதிரி தனிக் குலுக்கல் வைத்தார்கள். எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேர ரயில், அங்கிருந்து பஸ். பதிவுக்கு ஒரு நாள், ஆட்டத்துக்கு ஒரு நாள். பெயர் விழாவிட்டால் உங்கள் 3 நாளில் 2 நாள் போச்சு. விழுந்தால் சீசனில் 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். 10 நாள் விடுப்பு இருக்கிறவர்களுக்கு அது சரியான விளையாட்டு, உங்களுக்கு இல்லை.

ஆனால் உங்கள் பயணத்தில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனைவியோடு அங்கே போய் வாருங்கள். ஞாயிறு அங்கே வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஆட்டப் புல்வெளியான ஃபேர்வேயில் நடப்பார்கள். நீங்களும் மைதானத்துக்குள் இருக்கிற ஸ்வில்கன் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். இரண்டு குழிகளுக்கு ஒரே கிரீன் (குழி இருக்கும் மழித்த புல்தரை) என்று அங்கே 7 பெரிய கிரீன்கள் இருக்கின்றன. அந்த ஜோடிகளின் எண்ணைக் கூட்டிப் பாருங்கள், 2ம் 16ம், 3ம் 15ம் என்று எல்லாமே 18 வரும். பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று பெயர் வைத்த, பந்தை உருட்டி மட்டுமே ஆடும் பட்டிங் மைதானம் ஒன்று, 1867இல் பெண்கள் தொடங்கிய சங்கத்தினுடையது. சில பவுண்டுக்கு யாரும் ஆடலாம். கோல்ஃபே தெரியாத என் மனைவி அதில் என்னை ஜெயித்தார். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

சரி, நார்த் பெரிக்குக்கு வருவோம். எடின்பரோ வேவர்லியிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்டேஷனிலிருந்து கிளப்புக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம். கார் வேண்டாம், அடுத்தவர் ஓட்டக் காத்திருக்க வேண்டாம்.

லிங்க்ஸ் என்றால் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவில் கிடக்கிற, உழவுக்கு உதவாத மணல் மேடு. நம் கணக்கில் நெய்தல்தான், தாழம்புதருக்குப் பதில் மஞ்சள் பூ பூக்கும் கார்ஸ் முள்புதர். மழை பெய்தாலும் மணல் உறிஞ்சிவிடும், தரை கெட்டியாக இருக்கும். கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் இருந்த மைதானத்தில் கற்றுக்கொண்டு, அப்புறம் ஊட்டியில் ஆடியவன் நான். பந்தை உயரத் தூக்கி கிரீனில் போட்டால் நிற்கும் என்றுதான் கைக்குத் தெரியும். இங்கே அப்படிப் போட்டால் சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி துள்ளிப் பின்னால் ஓடிவிடும். 20 கெஜம் முன்னாலேயே போட்டு உருட்டிவிட வேண்டும். கிரீனுக்கு வெளியே 30 கெஜத்தில் இருந்தாலும் உருட்டி அடிக்கும் மட்டையான பட்டரையே எடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்த மைதானம் ஊர் ஓரத்தில் தொடங்கி, கடலை ஒட்டியே மேற்கே போய், திரும்ப ஊருக்கே வரும். இரண்டு முறை ஆடச் சொல்வது இதனால்தான். அங்கே வழக்கமான காற்று தென்மேற்கு. போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். கிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் தலைகீழ். நான் இரண்டாவது பயணத்தில் அடுத்தடுத்த 2 நாள் ஆடினேன். முதல் நாள் மேல்காற்று, மறுநாள் கீழ்க்காற்று. புல் அதே புல், குழி அதே குழி, ஆனால் மைதானம் வேறு.

15வது குழியைச் சொன்னால் புரியும். ரெடான் என்று பெயர். கிரிமியப் போரில் இருந்த ஒரு கோட்டை அரணின் பெயரை வைத்தது. உலகம் முழுக்க மைதானம் கட்டுகிறவர்கள் இதைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார்கள். பார் 3தான், அதாவது 3 அடியில் முடிக்க வேண்டியது. முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து கிரீன் முழுசாகத் தெரியாது. இடது முன்பக்கம் ஆள் ஆழப் பங்கர், அதாவது மணல் பள்ளம். கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாகச் சரியும். முதல் நாள் காற்று முதுகில், 7 அயர்ன் மட்டையில் நேராகக் கொடியைப் பார்த்து அடித்தேன். பந்து அழகாகக் கிரீனில் விழுந்தது, விழுந்த வேகத்தில் பின்பக்கமாக இறங்கிக் காணாமல் போனது. பை தூக்கிக் கூட வந்த காடி பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, கொடிக்கு வலப்பக்கம் ஒரு மேட்டைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். மறுநாள் காற்று எதிரே. தூரம் போகும் 3 வுட் மட்டையை எடுத்து அந்த மேட்டுக்கு அடித்தேன். விழுந்தது தெரியவில்லை. மேலே போய்ப் பார்த்தால் பந்து இடப்பக்கமாகச் சுற்றி உருண்டு கொடிக்கு 3 கெஜத்தில் கிடக்கிறது. குழிக்குள் உருட்டும் பட் தவறிவிட்டது, அது வேறு கதை.

13வது குழியில் கிரீனுக்கு முன்னால் குறுக்கே கல் சுவர். நிஜமான பழைய கல் சுவர். பந்து சுவரை ஒட்டி நின்றுவிட்டால் வீரம் காட்டாமல் பின்பக்கமாக அடித்து வெளியே எடுங்கள். நான் காட்டினேன், பந்து கல்லில் பட்டு என் முழங்காலுக்கு வந்தது. 18வது குழிக்கு வலப்பக்கம் முழுக்கக் கார்கள் வரிசையாக நிற்கும். பந்தை வலப்பக்கம் வளைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கும்பிட்டுக்கொண்டு அடிக்கலாம்.

மலிவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சீசனில் ஒரு சுற்றே 200 பவுண்டைத் தாண்டும். கைக்கு அதிகம் என்றால் பக்கத்து ஊர் கலனில் 3 மைதானம் இருக்கிறது, 2ஆம் நம்பரையோ 3ஆம் நம்பரையோ எடுத்து அதையே இரண்டு முறை ஆடுங்கள். அதே ஊரில்தான் மியூர்ஃபீல்டும். பெரிய பெயர், ஆனால் வெளியாருக்கு எல்லா நாளும் கதவு திறக்காது, பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2017இல்தான் முடிவு செய்தார்கள். எனக்கு அங்கே போக ஆசை வரவில்லை.

அரை நாள் மிச்சம் இருந்தால் எடின்பரோ நகர பஸ்ஸிலேயே மஸல்பரோ போய்விடலாம். குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவே 9 குழிகள். கிண்டியில் ஆடியவனுக்கு அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. 1874இலிருந்து 1889க்குள் 6 முறை பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓபன் நடந்த இடம் அது. இன்று உலகம் முழுக்கக் குழி நாலேகால் அங்குல அகலம் இருப்பதற்கு மூலமும் அங்கே 1829 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்த குழி வெட்டும் கருவிதான்.

கடைசியாக, நார்த் பெரிக்கில் முதல் சுற்றைக் காலையிலும் இரண்டாவதைச் சாயங்காலமும் வையுங்கள். ஜூனில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். மாலையில் கட்டணம் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மனைவிக்குத் துறைமுகமும், பாஸ் பாறைக்குப் போகும் படகும் இருக்கிறது. அந்தப் பாறை தூரத்திலிருந்து வெள்ளையடித்த மாதிரி தெரியும், அத்தனையும் கானட் பறவைகளும் அவற்றின் எச்சமும். மழை பேண்ட் மட்டும் மறக்காதீர்கள். ஜூன்தானே என்று நான் விட்டுவிட்டுப் போய், 9வது குழியிலிருந்து தொப்பலாக நனைந்தபடி நடந்து வந்தேன்.