சால்மன் குஞ்சுகள் நீர்ப்பாசன அணைகளைத் தாண்டி உயிரோடு கடலுக்குப் போகின்றனவா என்று எப்படி அளக்கிறார்கள்? திருகோணமலைப் பக்கம் அதே முறையைச் செய்ய முடியுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் சால்மன் குஞ்சுகளுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்பது ஒன்று. கந்தளாய், அல்லை, மூதூர்ப் பக்கத்தில் கடலுக்கு இறங்கும் விலாங்குக்கு அது பொருந்துமா என்பது மற்றது. முதலாவதைத்தான் கூடுதலாக எழுதுகிறேன். அது சரியாக விளங்காமல் இங்கே மீனுக்குள் வைத்த குறியை வாசிக்கும் ஒரு கம்பிச்சுருளைக் கட்டினால் காசும் போகும், மீனும் சாகும், கடைசியில் கையில் நம்பக்கூடிய ஓர் எண்ணும் இருக்காது.

அணைக்குக் கீழே எத்தனை குஞ்சு வந்தது என்று எண்ணுவது வேறு, எத்தனை வீதம் பிழைத்தது என்று அளப்பது வேறு. மேலே குறி வைத்த 1000 குஞ்சை விட்டு, கீழே அந்தக் குறியை வாசிக்கும் கருவி 240 குஞ்சைக் கண்டால் பிழைத்தது 24 வீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மீதி 760 குஞ்சும் செத்திருக்கலாம், அல்லது கருவிக்குத் தெரியாமல் பக்கத்தால் போயிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தெடுப்பதுதான் இந்த வேலை முழுவதும்.

பிரிக்கும் வழி எளிது. முதல் கருவிக்குக் கீழே இன்னொரு கருவி வேண்டும். கணக்கு விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன். மேலே விட்டது 1000. முதல் இடம் கண்டது 240. அதற்கும் கீழே உள்ள இரண்டாம் இடம் கண்டது 150. அந்த 150இல் 60 குஞ்சு முதல் இடத்திலும் பதிவானவை. இரண்டாம் இடத்துக்கு வந்த எல்லாக் குஞ்சும் முதல் இடத்தை உயிரோடு கடந்தவைதானே. அப்படிக் கடந்த 150இல் 60ஐத்தான் முதல் கருவி கண்டது. ஆகவே அதன் கண்டறியும் திறன் 0.4. 240ஐ 0.4ஆல் வகுத்தால் 600. முதல் இடம் வரை பிழைத்தது 60 வீதம், 24 வீதம் அல்ல. 1964இல் கோர்மக்கும், 1965இல் ஜொலியும் செபரும் எழுதிய கணித மாதிரியின் அடிப்படை இதுதான். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் இன்றைக்கும் இதன்மேல்தான் கட்டுகிறார்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை உண்டு. கடைசிக் கருவிக்கு அப்பால் பார்ப்பவர் இல்லை என்பதால், ஆற்றின் கடைசித் துண்டில், அதாவது கடைசி இரண்டு கருவிகளுக்கும் இடையே, பிழைப்பையும் கண்டறிதலையும் பிரிக்கவே முடியாது. உங்களுக்கு வேண்டிய துண்டு கடைசித் துண்டாக இருக்கக்கூடாது. அடுத்தது வழு எல்லை. மேலே சொன்ன எண்களுக்கு 60 வீதம் என்பது ஏறத்தாழ 49 முதல் 71 வரை எங்கேயும் இருக்கலாம். இரண்டு வருடத்தை ஒப்பிட அது போதாது. பத்து மடங்கு குஞ்சு விட்டால் அந்த அகலம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். கண்டறியும் திறனைக் கூட்டுவது இன்னும் மலிவான வழி. புதிய குறிகள் வாங்குவதற்கு முன் கருவியைச் சீராக்குங்கள்.

அங்கே இதற்கு நல்ல உதாரணம் கொலம்பியாவில் சேரும், வாஷிங்டன் மாநிலத்தின் யக்கிமா ஆறு. ரோசா, வபாட்டோ, சன்னிசைட், புரோசர் என்று வரிசையாக நீர்ப்பாசன அணைகள். புரோசர் அணை 3 மீற்றர் உயரம்கூட இல்லை, நம் அணைக்கட்டு மாதிரித்தான். தண்ணீரோடு அந்த உயரத்தில் இருந்து விழுந்து குஞ்சு சாவது அரிது. சாவு நடப்பது வேறு இடங்களில். வாய்க்காலுக்குள் இழுபடுவது, தடுப்பு வலையில் ஒட்டிக்கொள்வது, வலையில் தடுபட்ட குஞ்சை ஆற்றுக்கே திருப்பிவிடும் குழாய் கொட்டும் வாயில் பறவையும் பெரிய மீனும் காத்திருப்பது, அணைக்குக் கீழே தண்ணீர் குறைந்து சூடாவது. இவற்றை ஒரே எண்ணில் போட்டுக் குழப்பினால் எதைத் திருத்த வேண்டும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளருக்குச் சொல்ல முடியாது.

வாய்க்கால் வலைக்கு அமெரிக்கக் கடல் மீன்வளச் சேவை வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது. வலையை நோக்கி வரும் நீரின் வேகம் வினாடிக்கு 0.12 மீற்றரைத் தாண்டக்கூடாது. வட்டத் துளை 2.4 மில்லிமீற்றருக்குள், நீள் வெட்டு 1.75 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். குஞ்சு வலையின் முன்னால் 60 வினாடிக்கு மேல் நிற்காமல் திருப்புக் குழாயை அடைய வேண்டும். நடைமுறையில் கெடுவது வேகம்தான். பாசியும் சருகும் வலையின் பாதியை அடைத்தால் மிச்ச இடத்தில் வேகம் இரட்டிப்பாகும். அடி இறப்பர் தேய்ந்து விரல் அகல இடைவெளி விழுந்தால் அதற்குள்ளால் குஞ்சு வயலுக்கே போய்விடும். அப்படிப் போனதையும் செத்ததாகவே கணக்கிட வேண்டும்.

புரோசரில் சான்ட்லர் வாய்க்கால் வலை திருப்பிவிடும் குஞ்சுகளில் ஒரு பகுதியை எடுத்து எண்ணும் நிலையம் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கை எடுத்து 300 எண்ணினால் அந்தப் பாதையில் வந்தது 3000. ஆற்றில் வந்த குஞ்சில் பாதிதான் வாய்க்காலுக்குள் திரும்பியது என்றால் மொத்தம் 6000. அந்தப் பாதி என்ற பங்கு நிலையானதல்ல. ஆற்றின் நீரில் எத்தனை வீதத்தை வாய்க்கால் எடுக்கிறது என்பதோடு அது மாறும். வெள்ளம் வரும்போது பெரும்பான்மைக் குஞ்சு அணைக்கு மேலால் போய்விடும். ஆகவே இந்தப் பங்கை வேறு வேறு நீரோட்டத்தில் குறியிட்ட குஞ்சை விட்டு அளந்து வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு தரம் அளந்துவிட்டு வருடம் முழுக்கப் பெருக்குவதுதான் இந்தத் துறையில் நான் காணும் மிகப் பெரிய சோம்பல்.

குறிகளைப் பற்றி. அதிகம் பாவிப்பது பிட் குறி. 12.5 மில்லிமீற்றர் நீளம், 2.1 மில்லிமீற்றர் தடிப்பு, கிட்டத்தட்ட 0.1 கிராம். கண்ணாடிக் குழாய்க்குள் பற்றரி இல்லாத சிப். வாசிக்கும் கம்பிச்சுருளின் 134.2 கிலோஹேர்ட்ஸ் புலத்துக்குள் வரும்போது மட்டும் தன் இலக்கத்தைச் சொல்லும். மீன் வாழும் வரை வேலை செய்யும், ஆனால் ஒரு மீற்றருக்குள் வந்தால்தான் கேட்கும். ஒலிக்குறிக்குப் பற்றரி உண்டு. 416.7 கிலோஹேர்ட்ஸில் கூப்பிடும் அமெரிக்க வகையின் ஊசிவழிக் குறி 15 மில்லிமீற்றர் நீளம், 0.22 கிராம் அளவு. தூரத்திலும் கேட்கும், ஆழத்திலும் கேட்கும். ஆனால் பற்றரி தீர்ந்தால் உங்கள் கணக்கில் மீன் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் சில குறிகளைத் தொட்டித் தண்ணீரில் வைத்து எத்தனை நாள் கூப்பிடுகின்றன என்று பார்த்துக் கணக்கைத் திருத்துகிறார்கள். எதிர்ப்பக்கமும் பிழை வரும். குஞ்சைத் தின்ற மீன் கருவியைக் கடந்தால் குஞ்சு பிழைத்ததாகப் பதிவாகும். செத்த குஞ்சும் மிதந்து வரலாம். எவ்வளவு தூரம் மிதக்கும் என்று அறியச் செத்த மீனுக்கும் குறி வைத்து விட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் அப்பால்தான் முதல் கருவி இருக்க வேண்டும்.

குறி வைக்கும் கை வேலையில் அவசரம் கூடாது. ஒரு நாள் உணவு கொடுக்காத குஞ்சுதான் வேண்டும். 12 மில்லிமீற்றர் குறிக்கு 65 மில்லிமீற்றருக்குக் குறைந்த குஞ்சை விட்டுவிட வேண்டும். மயக்க மருந்து எம்எஸ் 222, லீற்றருக்கு 50 முதல் 80 மில்லிகிராம், அதோடு அமிலத்தன்மையைக் கொல்ல சோடியம் பைகார்பனேற். மயங்கிய குஞ்சை ஈரக் கையில் வயிறு மேலே தெரியப் பிடித்து, நெஞ்சுச் செட்டையின் நுனிக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டில் இருந்து கொஞ்சம் விலகி, ஊசியை வால் பக்கம் சாய்த்துத் தோலை மட்டும் துளைக்க வேண்டும். துளைத்தவுடன் ஊசியைப் படுக்கவைத்துத் தள்ளினால் குறி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நிமிர்த்தியே தள்ளினால் குடல் கிழியும். அந்தக் குஞ்சு அன்றைக்கு நன்றாகத்தான் நீந்தும், மூன்றாம் நாள் செத்துவிடும், பழி அணையில் விழும். ஒவ்வொரு ஊசியும் 70 வீத எதனோலில் பத்து நிமிடம் கிடக்க வேண்டும். நீர் 17, 18 பாகையைத் தாண்டினால் சால்மனுக்குக் குறி வைப்பதை நிறுத்திவிடுவது நல்லது.

பிறகு 24 மணி நேரம் தொட்டியில் வைத்திருந்து செத்ததைக் கழித்து, தொட்டியின் அடியைக் காந்தத்தால் தடவ வேண்டும். குறிக்குள் காந்தம் இழுக்கும் இரும்புச் சேர்வையான பெரைற்று இருப்பதால் உதிர்ந்தவை காந்தத்தில் ஒட்டும். உதிர்ந்த குறியின் இலக்கத்தைப் பட்டியலில் இருந்து எடுக்காவிட்டால் அதுவும் ஒரு சாவுதான்.

ஆற்றில் வரும் இயல்பான சாவையும் அணையால் வரும் சாவையும் பிரிக்க, ஒரு கூட்டத்தை அணைக்கு மேலேயும் ஒரு கூட்டத்தை அணைக்குக் கீழேயும் விடுவார்கள். மேல் கூட்டம் கீழ்க் கருவி வரை 0.60, கீழ்க் கூட்டம் 0.75 என்றால் அணையைக் கடந்து பிழைத்த பங்கு 0.80. கீழே விட்ட மீனுக்குக் குறி வைத்த களைப்புச் சாவு இந்தத் துண்டிலேயே நடக்கும். மேல் கூட்டத்தை அணைக்கு வந்து சேர்ந்த இடத்தில் இருந்து எண்ணினால், அது அதை முன்னரே கழித்திருக்கும். அதனால் அணை உண்மையைவிட நல்லதாகத் தெரியும். இதைத் தவிர்க்க இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டி மீனில் இருந்து எடுத்து, ஒரே அளவு நேரம் லொறியில் ஏற்றி அலைத்து, அணைக்குக் கீழேயும் போதிய தூரம் தள்ளி விட வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டாமல் இடம்பெயரும் காலம் முழுக்கச் சிறு சிறு கூட்டமாகப் பொழுதுபட்ட பிறகு விடுவது நல்லது. ஆற்று நீருக்கும் தொட்டி நீருக்கும் இடையே 2 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

யக்கிமாவில் விட்ட குஞ்சுக்குக் கீழே கொலம்பியாவின் மக்னரி, ஜோன் டே, பொனவில் அணைகளில் வாசிப்பான்கள் இருக்கின்றன. எல்லாப் பதிவும் பிராந்தியம் முழுவதற்கும் பொதுவான தரவுத்தளத்தில் சேரும். நம்மிடம் இல்லாத பெரிய வசதி அதுதான்.

இனி நம் பக்கம். சால்மன் இங்கே இல்லை. கடலுக்கு இறங்கியே தீர வேண்டிய மீன் விலாங்கு. கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றில் ஏறி, குளத்திலும் வாய்க்காலிலும் வருடக்கணக்கில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். இறங்கத் தயாரான விலாங்கைப் பார்த்தாலே தெரியும். கண் பெரிதாகியிருக்கும், முதுகு கறுத்து வயிறு வெள்ளி நிறமாகியிருக்கும், அறுத்தால் குடல் சுருங்கியிருக்கும். இந்த மாற்றம் இல்லாத விலாங்குக்குக் குறி வைத்தால் அது குளத்திலேயே இருந்துவிடும், நீங்கள் செத்ததாக எழுதுவீர்கள். இந்த ஒரு தெரிவு தவறினால் மற்ற எல்லாம் வீண். நன்னீர் இறாலும் முட்டைப் பருவத்தில் உவர்நீர் தேடி இறங்கும், ஆனால் அது சட்டை கழற்றும் பிராணி, அதற்கு வேறு முறை வேண்டும்.

விலாங்கு பெரிய மீன் என்பது நமக்கு நல்லது. 23 மில்லிமீற்றர் குறி வைக்கலாம், வாசிக்கும் தூரம் கூடும், பற்றரியில் ஓடும் மலிவான வாசிப்பானே போதும். துருசின் (குளத்து மதகின்) வெளிவாயிலும், கீழே அணைக்கட்டிலும், அதற்கும் கீழே ஆற்றிலும் என்று மூன்று இடமாவது வேண்டும். கடைசி இடத்தைக் கொட்டியாரக் குடாவின் முகத்துவாரத்தில் வைக்க ஆசை வரும், வைக்காதீர்கள். உவர்நீரில் வாசிக்கும் தூரம் சுருங்கிவிடும். உப்பு ஏறாத இடம் வரை மேலே வந்து கட்டுங்கள்.

கம்பிச்சுருளைத் துருசின் இரும்புக் கதவுக்கோ கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கோ ஒட்டிக் கட்டினால் சுருதி குலைந்து தூரம் பாதியாகும். மரச்சட்டமோ பிவிசி குழாயோ வைத்து விலக்குங்கள். சோலர் சார்ஜ் கட்டுப்படுத்தியின் மின் இரைச்சலும் வாசிப்பைக் கெடுக்கும். இரவில் பற்றரியில் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தடி நுனியில் ஒரு குறியைக் கட்டி, சுருளின் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரிலும், நேராகவும் குறுக்காகவும் பிடித்து எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று வரைந்து வையுங்கள். சுருளின் தளத்துக்குச் செங்குத்தாக வரும் குறி நன்றாகக் கேட்கும், குறுக்காக வருவது கேட்காது. இரண்டு குறி ஒன்றாக வந்தாலும் சிக்கல். ஒவ்வொரு மணிக்கும் தானாகப் பேசும் சோதனைக் குறி ஒன்றைப் பக்கத்தில் பொருத்திவிட்டால், மீன் வரவில்லையா, கருவி செத்துவிட்டதா என்ற சந்தேகம் இருக்காது.

இங்கே உண்மையான தலையிடி மாரி. வடகீழ்ப் பருவ மழைக்குக் குளம் நிறைந்து வான் (மிகைநீர் வழி) பாயும் இரவுகளில்தான் விலாங்கு இறங்கும். அன்றைக்குத்தான் சுருளின் மேலே ஆளுயரத் தண்ணீர் ஓடும், கண்டறியும் திறன் அடிமட்டத்துக்குப் போகும். வருடம் முழுவதற்கும் ஒரே திறனை வைத்துக் கணக்கிட்டால் அதிகம் இறங்கிய இரவுகளே சாவு இரவுகளாகத் தெரியும். வான் பாய்ந்த நாட்களையும் துருசால் மட்டும் தண்ணீர் விட்ட நாட்களையும் வேறு வேறாகக் கணக்கிட வேண்டும். இதற்கு வேண்டிய தரவு ஏற்கெனவே இருக்கிறது. துருசு எப்போது எத்தனை அங்குலம் திறந்தது, வான் எப்போது பாய்ந்தது என்பதைக் குளத்தில் எழுதிவைக்கிறார்கள். சுருள் கட்ட நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதி கேட்கும் அதே கடிதத்தில் அந்தப் பதிவேட்டின் பிரதியையும் கேளுங்கள்.

மீன்பிடியும் ஒரு சாவுதான், அதைத் தனியாக அளக்கலாம். கையில் பிடிக்கும் வாசிப்பான் ஒன்றோடு மூதூரிலும் கந்தளாயிலும் விலாங்கு விற்கும் இடங்களில் காலையில் நின்றால் போதும். குறியோடு பிடிபட்டதைக் கொடுப்பவருக்கு மீனின் விலையையாவது கொடுங்கள். யாரிடம் பிடிபட்டது என்பதற்காக எவரையும் விசாரிக்கவோ காட்டிக்கொடுக்கவோ கூடாது. ஒரு தரம் அப்படி நடந்தால் அடுத்த குறி குப்பைக்குத்தான் போகும், அந்த மீன் உங்கள் கணக்கில் அணையில் செத்ததாகவே நிற்கும்.