ஆறு பவுன் எடை இருக்கிறதா என்று பாருங்கள்

கேள்வி: அப்பச்சிக்கு வயது எழுபத்திரண்டு. ராத்திரியில் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போக டார்ச் இல்லாமல் முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு வாங்கிய சார்ஜ் டார்ச் அது. புதிதில் மூன்று மணி நேரம் எரிந்தது, இப்போது அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. கடையில் ‘9800 எம்.ஏ.எச்’ என்று எழுதிய செல்லை வாங்கிப் போட்டேன், அது ஒரு மணி நேரத்தில் மங்கிவிடுகிறது. கோலாலம்பூரில் இருக்கும் அண்ணன் போன தடவை வந்தபோது, பழக்கத்தை விட்டாயிற்று என்று சொல்லித் தன் இ-சிகரெட்டை இங்கேயே போட்டுவிட்டுப் போனார். அதில் இரண்டு செல் இருக்கின்றன, பார்வைக்கு அதே அளவு. அவற்றை டார்ச்சில் போடலாமா? இந்த மாதிரி செல் எத்தனை வருஷம் உழைக்கும்? புதிதாக வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? (தேவகோட்டை வாசகி)

பதில்: போடலாம், சோதித்துப் பார்த்த பிறகு. ஆனால் முதலில் அந்த 9800 செல்லைப் பற்றிப் பேசிவிடுவோம், உங்களை ஏமாற்றியது அதுதான்.

உங்கள் டார்ச்சில் இருப்பது 18650 என்ற வகை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவம் என்பதற்கு. பெயரிலேயே அளவு இருக்கிறது. இந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகள் அடைக்கிற கொள்ளளவு, அதாவது உள்ளே நிற்கிற மின்சாரத்தின் அளவு, வழக்கமாக 2000 முதல் 3500 எம்.ஏ.எச் வரைதான். அப்படியிருக்க 9800 எங்கிருந்து வரும்? உங்கள் கணக்கே சாட்சி சொல்கிறது. பழைய செல் 2200 என்று வைத்துக்கொண்டால், அது மூன்று மணி நேரம் எரிந்த டார்ச்சில் 9800 செல் பதின்மூன்று மணி நேரம் எரிந்திருக்க வேண்டும். எரிந்தது ஒரு மணி நேரம். ஆக உள்ளே இருப்பது ஏழெட்டு நூறு எம்.ஏ.எச்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நல்ல 18650 செல் 45 முதல் 50 கிராம் இருக்கும். ஏறக்குறைய ஆறு பவுன். போலிகள் பல 30 கிராம் பக்கம் நின்றுவிடும், நாலு பவுன்கூட வராது. சங்கிலியைக் கையில் வாங்கிய உடனே பவுன் சொல்லிவிடுகிற ஆச்சிகள் இருக்கிற ஊர் நம்முடையது. ஒருவரைக் கூடவே கூட்டிப் போனாலும் தப்பில்லை! விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து, உறையில் அச்சடித்த எண்ணைவிட எடை நம்பத்தகுந்தது. மேலுறை யார் வேண்டுமானாலும் அடித்துச் சுற்றக்கூடிய பிளாஸ்டிக் தாள். போலிகளுக்குள் ஒரு சின்ன செல்லை வைத்துவிட்டு மீதி இடத்தைப் பொடியால் நிரப்பியிருப்பதும் உண்டு. நீங்கள் அறுத்துப் பார்க்க வேண்டாம், அது ஆபத்து.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது ‘சிக்ரி’, திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சிக்கு நாடு முழுக்க நம்ம ‘சிக்ரி’யைப் பார்க்கிறார்கள். அதற்கு நாலு தெரு தள்ளி 9800 செல் விலை போகிறது என்றால் வருத்தமாகத்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அண்ணனுடைய செல்களைப் பற்றி. இ-சிகரெட்டுக்கு என்று போடுகிற செல்கள் பெரும்பாலும் ‘ஹை டிரெயின்’ வகை, அதாவது ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கொடுக்கக் கூடியவை. 60 வாட்டில் இழுக்கிற கருவி என்றால், இரண்டு செல்லில் ஒவ்வொன்றும் 8 ஆம்பியருக்கு மேல் கொடுக்க வேண்டும். அப்பச்சியின் டார்ச்சுக்கு ஒரு ஆம்பியர்கூடத் தேவைப்படாது. அதனால் அந்தச் செல் டார்ச்சில் சிரமமே படாது. ஆனால் ‘பவர் அதிகம், அதனால் ரொம்ப நேரம் எரியும்’ என்று நினைத்துவிடாதீர்கள். அண்டாவுக்கு வாய் அகலம், சட்டென்று மொண்டு எடுக்கலாம். குடத்துக்கு வாய் சின்னது, மெதுவாகத்தான் ஊற்றும். வெளி அளவு ஒன்றாக இருந்தாலும் இந்தச் செல்களில் வாயை அகலமாக்க வயிற்றில் கொஞ்சம் இடம் போகிறது. சாம்சங் 25ஆர் என்ற செல் 20 ஆம்பியர் கொடுக்கும், கொள்ளளவு 2500. அதே கம்பெனியின் 35இ கொள்ளளவு 3500, ஆனால் 8 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டார்ச்சுக்கு ஏற்றது இரண்டாவது ரகம். இ-சிகரெட்டுக்கு அதைப் போட்டால் சூடேறி ஆபத்தாகும்.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு வருஷத்தில் பதில் சொல்வது கஷ்டம். லித்தியம் அயன் செல் 300 முதல் 500 முறை முழுசாக சார்ஜ் ஆகி இறங்கினால், பழைய கொள்ளளவில் சுமார் 80 சதவீதத்துக்கு வரும். அதோடு செத்துவிடாது, குறைந்துகொண்டே போகும். தினமும் சார்ஜ் போட்டு இ-சிகரெட் பிடித்தவருக்கு ஒன்று, ஒன்றரை வருஷத்தில் இது தீர்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிற டார்ச்சில் சார்ஜ் கணக்குக்கு முன்னால் வேறு இரண்டு விஷயங்கள் செல்லைத் தின்றுவிடும்: வெயில், அப்புறம் எப்போதும் முழு சார்ஜிலேயே வைத்திருப்பது. முழு சார்ஜ் ஏற்றிய செல்லை 25 டிகிரியில் ஒரு வருஷம் சும்மா வைத்தால் ஏறக்குறைய 80 சதவீதம் மிஞ்சும், 40 டிகிரியில் வைத்தால் 65தான். அதே 40 டிகிரியில் பாதிக்கும் சற்றுக் குறைவான சார்ஜோடு வைத்தால் 85 வரை நிற்கும். சித்திரை மாதம் தகரக் கொட்டகையிலோ கார் டாஷ்போர்டிலோ டார்ச்சைப் போட்டு வைத்தால் 40 எல்லாம் தாண்டிவிடும். கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள உள்கட்டு அறைதான் நம் வீடுகளில் செல்லுக்கு நல்ல இடம். பெருமைக்குச் சொல்லவில்லை, வெப்பக் கணக்கு அப்படி.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கேடு உண்டு. பூட்டிய வீடு. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் கூடும்போது திறந்து, எமர்ஜென்சி விளக்கு, டார்ச் எல்லாம் எடுத்து வைத்து, பிறகு அப்படியே பூட்டிவிட்டுச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறோம். விளக்கை அணைத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் திறக்கும்போது செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும். இன்னும் இறங்க இறங்க உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும், மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. என் மேசைக்கு வருகிற ‘நல்லாத்தான் இருந்துச்சு’ செல்களில் நிறைய இந்த ரகம். வீட்டைப் பூட்டுமுன் பாதி சார்ஜில் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். உங்கள் வீட்டில் அப்பச்சி இருக்கிறார், கவலையில்லை.

இப்போது அண்ணன் விட்டுப்போன இரண்டையும் சோதிப்போம். முதலில் மேலுறை. பாசிட்டிவ் தலையைச் சுற்றி இருக்கும் வளையத்துப் பக்கம் உற்றுப் பாருங்கள். தலையைத் தவிர மற்ற உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டையும் பிரிப்பது அந்த வளையமும் மெல்லிய தாளும் மட்டும்தான். அங்கே கிழிசலோ, உடம்பில் நசுங்கலோ, துருவோ இருந்தால் பேச்சே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். பிறகு மல்டிமீட்டர் உள்ள எலக்ட்ரீஷியனிடம் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். 2.5-க்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். தேறியதைத் தனி சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள், 4.2 வோல்ட் வரும். ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 4.1-க்கு மேல் நின்றால் செல் பரவாயில்லை. 4-க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிவு, டார்ச்சுக்கு ஆகாது. சார்ஜ் ஏறும்போது தொட முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடுவது கல் தரையில் இருக்கட்டும். மெத்தையும் பாயும் வேண்டாம், ராத்திரி தூங்கும்போதும் வேண்டாம்.

அண்ணனின் கருவியில் பிரித்துக் கழற்ற முடியாத செல் இருந்தால் அதைத் தோண்டி எடுக்காதீர்கள். அப்புறம், அந்தக் கருவியை யாருக்கும் கைமாற்றிவிட வேண்டாம். 2019 செப்டம்பர் 18 முதல் நம் நாட்டில் இ-சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த லித்தியம் செல்லைக் கண்டுபிடித்தவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2019-இல்தான் என்பது ஒரு வேடிக்கை.

சோதனையில் இரண்டுமே தேறாவிட்டால் புதிது வாங்க வேண்டும். கடைக்குப் போகுமுன் டார்ச்சைத் திறந்து பழைய செல்லைக் கையோடு எடுத்துப் போங்கள். டார்ச்சுக்குள் உருளைக்குப் பதில் சதுரமான கனத்த பெட்டி, மேலே 4 வோல்ட் என்று இருந்தால் அது ஈய பேட்டரி, அதற்கு 18650 போடவே கூடாது. அந்த சார்ஜர் லித்தியத்துக்கு எங்கே நிறுத்துவது என்று அறியாது. 3.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் அதுவும் வேறு ரகம், இரும்பு பாஸ்பேட். சோலார் விளக்குகளில் நிறைய வருகிறது, 3.7-ஓடு மாற்றிப் போடாதீர்கள். உங்கள் பழைய செல்லில் 3.6 அல்லது 3.7 என்று இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது தலை. சிலவற்றில் குமிழ் மாதிரி எழும்பியிருக்கும், சிலவற்றில் தட்டை. டார்ச்சின் ஸ்பிரிங் எதற்கு ஏற்றதோ அதைத்தான் தொடும். பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டிய செல் 68, 70 மில்லிமீட்டர் வரை நீளும், சில டார்ச்சில் மூடி மூடாது. மூடினால் அதையே வாங்குங்கள், அப்பச்சி அணைக்க மறந்தாலும் அடிமட்டம் போகுமுன் தானே நிறுத்திக்கொள்ளும். உறையில் இந்தியத் தர முத்திரையும் ‘ஐ.எஸ். 16046’ என்பதும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையையும் போலியாக அடிக்கலாம் என்பதால் எடையை விட்டுவிடாதீர்கள். 2000 என்று நேர்மையாக எழுதிய சாதாரண செல்லே உங்களுக்குப் போதும், மூன்று மணி நேரம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அந்த 9800 செல்லையும் தேறாதவற்றையும் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். குப்பையிலும் போகிக் கொளுத்தலிலும் போட வேண்டாம், பழைய இரும்புக்காரரிடமும் வேண்டாம்.

அண்ணனிடமே புதிய செல் வாங்கி வரச் சொல்வதாக இருந்தால், உதிரி செல்களைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் வைக்க அனுமதி இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். காசும் சாவியும் கிடக்கிற பையில் வெறும் செல்லைப் போட்டு, இரண்டு முனையும் சேர்ந்து தீப்பிடித்த சம்பவங்கள் இ-சிகரெட்காரர்களிடையே நிறைய. அந்த டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் யாராவது மாற்று செல்லை அப்பத்தாவின் சுருக்குப் பைக்குள் சில்லறையோடு போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.