கேளுங்க சொல்றேன்: ஊர்ச் சங்கத்துக்கு வெப்சைட், எந்த டெம்ப்ளேட் எடுக்கலாம்?

இந்தத் தடவை வந்த கேள்விங்கள்ல அஞ்சு வெப்சைட்டப் பத்தி, அஞ்சும் தோட்டத்துப் பக்கத்து ஆளுங்க கேட்டது. நானும் சுங்கை சிப்புட்ல பால்மரத் தோட்டத்துல பொறந்து வளந்தவன், இப்பவும் இந்த ஊர்லதான் இருக்கேன், அதனால இந்த இதழ அதுக்கே ஒதுக்கிட்டேன்.

அண்ணே வணக்கம். எங்க தோட்டத்த வித்து தமான் கட்டியாச்சு, லயத்து ஆளுங்க எல்லாம் ஈப்போ, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர்னு போயிட்டாங்க. ஒன்றுகூடல், கோவில் திருவிழா, பழைய படங்க எல்லாம் ஒரே எடத்துல இருக்கட்டும்னு வெப்சைட் தொடங்குறோம். எந்த டெம்ப்ளேட்டுன்னு முடிவு பண்ணவே மூணு கூட்டம் போட்டாச்சு, ஆளுக்கு ஒன்னு காட்டுறாங்க. எதத்தான் எடுக்குறது?
- சங்கச் செயலாளர் (வாசகி), சுங்கை சிப்புட்

தங்கச்சி, டெம்ப்ளேட்ட கொஞ்ச நேரம் ஓரமா வச்சிட்டு இத மட்டும் யோசிங்க. ராத்திரி பத்து மணிக்கு பழைய தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர் தவறிட்டாரு, நாளைக்கு எத்தன மணிக்கு எடுக்குறாங்க, எந்த மின்சுடலைக்கு கொண்டு போறாங்கன்னு போடணும். யாரு போடுவாங்க, எதுலேர்ந்து போடுவாங்க? அந்த நேரத்துல கம்ப்யூட்டர தொறந்து உக்கார்ற ஆளு உங்க செயலவையில இருக்க மாட்டாங்க, ஹேண்ட்போன்லேர்ந்துதான் போடுவாங்க. அப்ப ஹேண்ட்போன்ல ரெண்டு நிமிஷத்துல போட முடியாத எதுவும் உங்களுக்கு வேணாம், எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

இத வச்சு சலிச்சாலே பாதி கழிஞ்சிரும். கூகல் சைட்ஸ் காசு இல்லாம கிடைக்குது, நாலு பேரு சேந்து எடிட் பண்ணலாம், அப்டேட் தொல்லை கிடையாது, ஆனா எடிட் பண்ணணும்னா கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காரணும். வெப்சைட் கட்டி நடத்துற சாஃப்ட்வேர்ல துருபல் 2001லேர்ந்து இருக்கு, ஜூம்லா 2005லேர்ந்து இருக்கு, ரெண்டும் நல்ல சாமான்தான், பெரிய அலுவலகம், யூனிவர்சிட்டிக்கெல்லாம் சரி, அஞ்சு பேரு நடத்துற சங்கத்துக்கு பாரம் ஜாஸ்தி. துருபல் 7 வந்தது 2011 ஜனவரியில, அதுக்கு சப்போர்ட் நின்னது 2025 ஜனவரி 5ந் தேதி, அதுல இருந்தவங்க அடுத்த வெர்ஷனுக்குப் போக சைட்டயே கிட்டத்தட்ட திரும்பக் கட்ட வேண்டியிருந்துச்சு. அந்த வேலைய உங்க சங்கத்துல யாரு செய்வா சொல்லுங்க.

அதனால என் பதில் வேர்ட்பிரஸ். அதுவும் அதே மாதிரி சாஃப்ட்வேர்தான், 2003லேர்ந்து இருக்கு, ஹேண்ட்போன் ஆப் இருக்கு, இன்னிக்கு பாத்துக்கிற பையன் வேலைக்குப் போயிட்டாலும் அடுத்த தமான்ல இன்னொரு பையனுக்கு தெரிஞ்சிருக்கும், இந்த கடைசி காரணம்தான் எனக்கு பெருசு. தீமுக்கு (டெம்ப்ளேட்ட வேர்ட்பிரஸ்ல அப்படித்தான் சொல்வாங்க), வேர்ட்பிரஸ் ஆளுங்களே போட்டுக் குடுக்குற ட்வென்ட்டி ட்வென்ட்டி-ஃபைவ் மாதிரி ஒன்ன எடுங்க, பாக்க மொட்டையா இருக்கும், பரவால்ல, கலரும் படமும் நம்ம போட்டுக்கலாம், ஆனா அத கவனிக்கிற ஆளுங்க ஓடிப் போக மாட்டாங்க. வேற தீம்தான் வேணும்னா வேர்ட்பிரஸ் தீம் பக்கத்துலயே தேடி, கடைசியா எப்ப அப்டேட் பண்ணாங்கன்னு போட்டிருக்கிற தேதிய மொதல்ல பாருங்க, ரெண்டு வருஷமா தொடாம கெடக்குதுன்னா விட்டுருங்க.

இன்னொன்னு, டெமோல காட்டுற படத்த நம்பாதீங்க. அது கேமராக்காரன் எடுத்த அகலப் படம், மல, கடல், வெள்ளக்காரக் குடும்பம். உங்ககிட்ட இருக்கிறது என்ன? பெரட்டுக் களத்துல நிக்க வச்சு எடுத்த கருப்பு வெள்ள குரூப் போட்டோ, ஓரமெல்லாம் பழுப்பேறி, மூணு வரிசை. அதப் போட்டுப் பாருங்க. நெறைய தீம் மேல வர்ற படத்த அகலவாட்டுல தானா வெட்டும், பின்வரிசையில நிக்கிறவங்க தலை போயிடும், முன்வரிசையில உக்காந்திருக்கிற கிராணி, கங்காணி காலு போயிடும். நான் யாருக்கு தீம் பாத்துக் குடுத்தாலும் மூணு சாமான வச்சுத்தான் சோதிப்பேன்: ஒரு இறப்புச் செய்தி, பட்டமெல்லாம் சேத்து முழுப் பேரோட ஒரு திருவிழா அழைப்பு, ஒரு பழைய குரூப் போட்டோ. மூணும் சின்ன ஹேண்ட்போன்ல ஒழுங்கா தெரிஞ்சா போதும்.

இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க பழைய மாணவர் சங்கத்துக்கு காசு குடுத்து ஒரு தீம் வாங்கி, அதுக்கு மேல இழுத்துப் போட்டு பக்கம் கட்டுற பேஜ் பில்டர் ஒன்னு போட்டு, ஒரு ஆளு அழகா செஞ்சு குடுத்தாரு, தொறப்பு விழா வச்சு எல்லாரும் கைதட்டினோம். டொமைன் பேரு, அதாவது வெப்சைட் விலாசம், அவரு பேர்ல, ஹோஸ்டிங், அதாவது சைட்ட வச்சிருக்கிற எடம், அவரு கணக்குல, பாஸ்வேர்டு அவருகிட்ட மட்டும். மூணாவது வருஷம் அவரு நம்பர மாத்திட்டாரு, டொமைன் காலாவதியாகி வேற யாரோ எடுத்துக்கிட்டாங்க, சைட்டுல இருந்தது எதையும் மீட்க முடியல. அதுல ஒரு பாட்டி பால்கொட்டாய்க்கு முன்னால வாளியோட நிக்கிற படம் இருந்துச்சு, அவங்க பேரன் ஒரே பிரதியக் குடுத்து ஸ்கேன் பண்ணச் சொன்னது, அந்த மூலப் படமும் வெள்ளத்துல போயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பையன பாத்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. டெம்ப்ளேட்டுக்கு மூணு கூட்டம் போட்டீங்கல்ல, டொமைன் யாரு பேர்ல, பாஸ்வேர்டு எந்தெந்த ரெண்டு பேருகிட்ட, பேக்கப் எந்த டிஸ்க்லன்னு முடிவு பண்ண ஒரே ஒரு கூட்டம் போடுங்க, எழுதி மினிட்ல ஏத்துங்க. சங்கம் பதிவான சங்கமா இருந்தா டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் கேக்கலாம், பதிவுப் பத்திரம் காட்டணும், அது சங்கத்து பேர்லயே நிக்கும்.

சார், நான் டிப்ளோமா படிக்கிறேன். எங்க கோவிலுக்கு ரியாக்ட், நெக்ஸ்ட் வச்சு சைட் செய்யலாம்னு இருக்கேன், வேர்ட்பிரஸ் பழசுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. சரியா?
- மாணவர், பீடோர்

தம்பி, படிக்கிறதுக்கு கட்டாயம் செய்யுங்க, நல்ல வேலை கிடைக்கும். கோவிலுக்கு வேணாம்.

ரியாக்ட், நெக்ஸ்ட் மாதிரி ஃபிரேம்வொர்க்ங்கிறது, அதாவது கோட் எழுதி சைட் கட்டுறதுக்கு ரெடியா கிடைக்கிற சாரம், நீங்க எழுதி முடிச்சதோட நிக்காது, அது பாட்டுக்கு மாறிக்கிட்டே இருக்கும், கூடவே நீங்களும் ஓடணும். ஆங்குலர்ஜேஎஸ் 2010ல வந்தப்ப அத விட்டா வேற இல்லன்னாங்க, 2021 கடைசியோட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. ரியாக்ட் 2013ல வந்துச்சு, அதுல புதுசா தொடங்குற நெறைய பேரு கிரியேட் ரியாக்ட் ஆப்னு ஒன்னத்தான் பயன்படுத்தினாங்க, 2025 பிப்ரவரியில இனிமே அத எடுக்காதீங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. தப்புன்னு சொல்ல வரல, அந்த உலகம் அப்படித்தான் ஓடுது. நீங்க டிகிரிக்கு கோலாலம்பூர் போயிடுவீங்க, கோவில் பொருளாளருக்கு அறுவது வயசு, ஆடி மாச பூஜ நேரத்த மாத்தணும்னா அவரு எந்த ஃபைல தொறப்பாரு?

கோட் எழுதியே ஆகணும்னு கை துறுதுறுன்னா ஹியூகோ மாதிரி ஒன்ன வச்சு ஸ்டேட்டிக் சைட், அதாவது பக்கங்கள முன்கூட்டியே செஞ்சு வச்சிடுற சைட், பாருங்க. டேட்டாபேஸ் இல்ல, லாகின் பக்கம் இல்ல, அதனால ஒடச்சு உள்ள வர்ற வழி ரொம்ப கம்மி, கிட்ஹப் பேஜஸ்ல காசு இல்லாம வைக்கலாம். கோவில் வரலாறு, மாறாத பக்கங்களுக்கு அது அருமை. அடிக்கடி மாறுற அறிவிப்ப மட்டும் பொருளாளர் தொடுற மாதிரி வேற எடத்துல வைங்க. இல்ல வெறும் ஹெச்டிஎம்எல்லோட பூட்ஸ்டிராப் போட்டாலும் போதும், 2011லேர்ந்து இருக்கு, பக்கத்த 12 பத்தியா பிரிச்சு ஹேண்ட்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் தானா அடுக்கிக் குடுக்கும், நாலு பக்க சைட்டுக்கு அதுக்கு மேல என்ன வேணும்.

டெமோல அவ்வளவு அழகா இருந்த தீம் தமிழ் போட்டதும் கெட்டுப் போச்சுண்ணே. கொம்பு, சுழி எல்லாம் மேல் வரியில இடிக்குது, மெனு மூணு வரியா ஒடையுது. இன்னொன்னு, எங்க பள்ளி பொன்விழா மலர் ஃபைல் இருக்கு, காப்பி பண்ணி ஒட்டினா வெறும் இங்கிலீஷ் எழுத்தா வருது.
- பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், பீடோங்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்லணும், தமிழ்ல சைட் வைக்கிற எல்லாரும் இதுல மாட்டுறாங்க.

தீம் செய்றவங்க இங்கிலீஷ் எழுத்த மனசுல வச்சுத்தான் செய்றாங்க. அந்த ஃபான்ட்ல தமிழ் இருக்காது, அப்ப பிரவுசர் அந்தந்த போன்ல இருக்கிற தமிழ் ஃபான்ட்ட எடுத்துப் போட்டுரும், ஆண்ட்ராய்டுல ஒன்னு, விண்டோஸ்ல நிர்மலா, ஐபோன்ல தமிழ் சங்கம் எம்என், அந்த எம்என் யாருன்னா நம்ம நாட்டு முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் செஞ்சவரு. ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி தெரியக் கூடாதுன்னா நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரன், இப்படி ஒன்ன கூகல் ஃபான்ட்ஸ்லேர்ந்து எடுத்து நீங்களே வச்சிருங்க, எல்லாம் காசில்லாதது.

அப்புறம் லைன் ஹைட், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள தூரம், எழுத்து அளவுக்கு எத்தன மடங்குன்னு. இங்கிலீஷ் தலைப்புக்கு 1.1, 1.2ன்னு வச்சிருப்பாங்க, அதுலதான் உங்க 'தீ'யோட சுழியும் மேல் வரி 'மு'வோட வாலும் இடிக்குது. தலைப்புக்கு 1.4, உள்ள இருக்கிறதுக்கு 1.7 கிட்ட வைங்க. லெட்டர் ஸ்பேசிங்னு எங்க பாத்தாலும் சைபர் ஆக்குங்க, அது தமிழ்ச் சொல்ல தனித்தனியா பிச்சு வைக்கும். ரெண்டு ஓரமும் சமமா நிக்கிற ஜஸ்டிஃபை வேணவே வேணாம், நம்ம சொல்லு நீளம், சின்ன ஸ்கிரீன்ல நடுவுல வாய்க்கா மாதிரி வெள்ளக் கோடு ஓடும். மெனுவுக்கு சொல்ல சுருக்குங்க, 'ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கைகள்' வேணாம், 'அறிக்கை' போதும்.

லிங்க்கயும் பாத்துக்குங்க. தமிழ்த் தலைப்பு போட்டா வேர்ட்பிரஸ் லிங்க்கயும் தமிழ்லயே வைக்கும், வாட்சாப்ல காப்பி பண்றப்ப ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் பெர்சென்ட் குறியும் நம்பருமா 9 எழுத்து ஆயிடும், பாட்டிக்கு அது ஏதோ வைரஸ்னு தோணும், தொட மாட்டாங்க. லிங்க்க மட்டும் ரெண்டு சொல்லுல ரோமன் எழுத்துல கையால மாத்துங்க.

பொன்விழா மலர் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சதுன்னு நினைக்கிறேன். ஒட்டுற எடத்துல இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவுல அரைப்புள்ளி நெறைய வருதா பாருங்க, பாமினியில மெய்யெழுத்துக்கு புள்ளி வைக்கிற கீ அரைப்புள்ளிதான், அதான் அடையாளம். அது யூனிகோடு, அதாவது எங்க ஒட்டினாலும் தமிழாவே நிக்கிற எழுத்து முறை, இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் சட்ட போட்ட மாதிரி. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்ன வச்சு யூனிகோடுக்கு மாத்துங்க, மாத்தினதுக்கு அப்புறம் ஒரு ஆளு உக்காந்து கண்ணால படிக்கணும், முக்கியமா ரெண்டு பக்கமும் குறி வர்ற 'கொ', 'கோ', 'கௌ', அப்புறம் காலுக்கும் 'ர'வுக்கும் மாத்தி அடிச்ச எடங்க. படமா ஸ்கேன் பண்ணி போடுறது சுலபம்தான், ஆனா அதுக்குள்ள இருக்கிற பேர கூகல்ல தேடினா வராது, உங்க பள்ளியில படிச்ச ஒருத்தர் தன் அப்பா பேர தேடுறப்ப அது வரணும்ல.

ஃபேஸ்புக், வாட்சாப் குரூப்பே போதாதா? எதுக்கு செலவு?
- வாசகர், கூலிம்

இன்னிக்கு நடக்குற செய்திக்கு போதும், ஐயா, அத நிறுத்தாதீங்க. போன வருஷ கணக்கறிக்க எங்கன்னு கேட்டா வாட்சாப்ல மேல தள்ளித் தள்ளி தேடணும், போன மாத்தினவங்ககிட்ட அதுவும் இருக்காது. செலவுன்னு பாத்தா டாட் காம் பேரு வருஷத்துக்கு நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிரும், ஹோஸ்டிங் தனி. எங்க சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960ல தோட்டத்து ஆளுங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா காசு சேத்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த நிறுத்தி தோட்டமே வாங்கினாரு, நம்ம ஆளுங்களால வருஷத்துக்கு ஆளுக்கு ரெண்டு வெள்ளி போட முடியாதுன்னு நான் நம்பல.

விலை ஜாஸ்தியான ப்ரீமியம் தீம் ஒன்ன ஃப்ரெண்டு சும்மா குடுத்தாரு, லைசன்ஸ் கேக்காதுன்னாரு. போடலாமா?
- இளைஞர் மன்றம், பத்தாங் பெர்ஜுந்தை

போடாதீங்க. அது லைசன்ஸ ஒடச்ச தீம், அத ஒடச்சவன் உள்ள வேற என்ன வச்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியாது, அப்டேட்டும் வராது. நான் பாத்த ஒரு கோவில் சைட்டுல வெளிய எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, கூகல்ல கோவில் பேர அடிச்சா மட்டும் கீழ சூதாட்ட விளம்பரமா வரிசையா வந்துச்சு, கும்பாபிஷேகத்துக்கு ரெண்டு வாரம் இருக்கிறப்ப. ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா தீம அழிச்சா மட்டும் பத்தாது, பதிவுங்களயும் படங்களயும் எடுத்து வச்சிட்டு வேர்ட்பிரஸ்ஸ புதுசா ஏத்தி, எல்லா பாஸ்வேர்டயும் மாத்துங்க. செஞ்சு பாத்துட்டு எங்கயாச்சும் மாட்டிக்கிச்சுன்னா ஸ்கிரீன்ஷாட்டோட எழுதுங்க, அடுத்த இதழ்ல பாக்கலாம்.