சம்பளம், சாவி, மணி: 1905 பிரெஞ்சுச் சட்டம் பற்றிய கேள்வி பதில்

அரசையும் மதத்தையும் சட்டம் போட்டுப் பிரிப்பது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். பிரான்சின் 1905 சட்டத்தோடுதான் நான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். மற்ற நாடுகள் ஊறுகாய் மாதிரிதான்.

கயல்: 'அரசுக்கு மதம் கிடையாது' என்று ஒரு வரி எழுதினால் போதாதா?

எழுதலாம். மறுநாள் காலை பங்குத்தந்தைக்குச் சம்பளம் யார் கொடுப்பது? 1801இல் நெப்போலியன் திருத்தந்தையோடு செய்த உடன்படிக்கைப்படி ஆயர்களை நியமித்ததும் அரசு, படியளந்ததும் அரசு. புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கும், 1831 முதல் யூத ரபிகளுக்கும் அரசுச் சம்பளம்தான். 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம் இதை அறுத்தது. அதன் 2ஆம் பிரிவுப்படி, குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிக்காது, சம்பளம் தராது, மானியம் தராது.

ஆனால் நடுத்தெருவில் விடவில்லை. நீண்டகாலம் பணியாற்றிய மூத்த குருக்களுக்கு ஓய்வூதியம். மற்றவர்களுக்கு நான்கு வருடம் இறங்குமுகமாக உதவித்தொகை: முதல் வருடம் முழுச் சம்பளம், அடுத்து மூன்றில் இரண்டு, பிறகு பாதி, கடைசியாக மூன்றில் ஒன்று. சிறை, மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றின் ஆன்மிகப் பணியாளர்களுக்குச் செலவு செய்யவும் விலக்கு உண்டு. சிறையில் இருப்பவர் எழுந்து பூசைக்குப் போக முடியாதே!

முகப்பு வாசகத்தைப் படித்து மயங்காதீர்கள். பணம் எங்கே போகிறது என்று சொல்லும் பிரிவைத் தேடுங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன்.

மதன்: இது நாத்திகத்தைத் திணிக்கும் சட்டம்தானே?

இல்லை. 1ஆம் பிரிவே மனசாட்சிச் சுதந்திரத்துக்கும் வழிபாட்டுச் சுதந்திரத்துக்கும் உறுதி தருகிறது.

வேலு: 'லாயிசிதே' (பிரெஞ்சு மதச்சார்பின்மை) என்ற சொல் எந்தப் பிரிவில் வருகிறது?

எதிலும் இல்லை. குடியரசை 'லாயிக்', அதாவது மதச்சார்பற்றது என்று அறிவித்தது 1946 அரசமைப்பு.

தேவி: தேவாலயக் கட்டடங்கள் யார் கைக்குப் போயின?

இதற்காகத்தான் காத்திருந்தேன். திருச்சபைச் சொத்துகள் 1789இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. அந்த வழியில் பேராலயங்கள் அரசுக்கும், பங்குத் தேவாலயங்கள் உள்ளூராட்சிக்கும் சொந்தம். பயன்படுத்தும் உரிமையை 'வழிபாட்டுச் சங்கங்கள்' அமைத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றது 1905 சட்டம். ஆயருக்கு மேல் ஒரு சங்கமா என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1906இல் மறுத்துவிட்டார். பூட்டவா முடியும்? 1907இல் இன்னொரு சட்டம் போட்டு, சங்கம் இல்லாமலேயே குருவும் மக்களும் பயன்படுத்தலாம் என்றார்கள். கட்டடம் ஊருடையது, சாவி பங்குத்தந்தையிடம். 1908 முதல் பழுதுபார்க்கும் செலவையும் ஊரே ஏற்கலாம். 2019இல் எரிந்த பாரிஸ் நோத்ர் தாம் பேராலயம் அரசின் சொத்துதான்.

இளங்கோ: அப்படியானால் மானியம் கொல்லைப்புறமாக வந்துவிட்டதே! அரசையும் மதத்தையும் பிரிப்பது இதுதானா?

தேவி: சொந்த வீட்டுக் கூரையைச் சொந்தக்காரர் மாற்றுவது மானியமா?

இளங்கோ: வாடகை வாங்காத சொந்தக்காரர்!

இருவருமே சரி, அதுதான் சிக்கல். 1905க்குப் பிறகு கட்டிய வழிபாட்டிடங்கள் பொதுவாக அந்தந்தச் சங்கங்களின் சொத்து. அதனால் முன்பே வந்து உட்கார்ந்த மதத்துக்கு ஊரார் செலவில் கூரை. பின்னால் வந்தவர்கள் உண்டியல் ஏந்த வேண்டும். பாரிஸ் பெரிய மசூதிக்கு நிதி தர 1920இல் தனிச்சட்டம் போட்டார்கள், அதுவும் முஸ்லிம் நிறுவனம் என்ற பெயரில். இளங்கோ, கொல்லைப்புறம் என்றால் இதைச் சொல்லுங்கள்.

சுபா: சட்டம் நாடு முழுக்கச் செல்லுமா?

கிழக்கே ஜெர்மன் எல்லையை ஒட்டிய அல்சாஸ்-மொசெலில் செல்லாது. 1871 முதல் 1918 வரை அது ஜெர்மனியிடம் இருந்தது. 1905 சட்டம் வந்தபோது அது பிரான்சில் இல்லை; திரும்பி வந்தபோது 1801 உடன்படிக்கை முறையோடு வந்தது. இன்றும் அங்கே குருக்களுக்கு அரசுச் சம்பளம். 2013இல் அரசமைப்பு மன்றமும் இந்தச் சம்பள முறை செல்லும் என்றது.

யூசுப்: துருக்கியும் இதே வழிதானே?

பெயர் மட்டும். 1924இல் தொடங்கிய மத விவகார இயக்ககம் அரசு அலுவலகம். இமாம்கள் அரசு ஊழியர்கள். அது மதத்தைக் கையில் பிடித்துக்கொள்வது. பணம் எங்கே போகிறது, பாருங்கள்.

நிலா: பள்ளியில் முக்காடு தடை 1905 சட்டத்தில் எங்கே இருக்கிறது?

இல்லை. அது 2004ஆம் ஆண்டுச் சட்டம்.

ராகவன்: ஆக, இது நாத்திகம்தான்?

மதனுக்குச் சொன்னதைப் படியுங்கள், ஐயா.

கயல்: இந்தியா?

அரசமைப்பின் 25 முதல் 28 வரையிலான கூறுகளில் தொடங்குங்கள். அது தனிக்கடல், என் படகு சின்னது.

இளங்கோ: கட்டடம் ஊருடையது என்றால், மணி எப்போது அடிப்பது என்று யார் சொல்வது?

நல்லவேளை கேட்டீர்கள். 27ஆம் பிரிவு: மேயர் உத்தரவு போடுவார். சங்கத் தலைவருக்கும் மேயருக்கும் ஒத்துவராவிட்டால் பிரிஃபெக்ட் (மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதி) தீர்த்துவைப்பார்.

தேவி: பிரித்த பிறகும் மணிக்கு அரசாங்க உத்தரவா?

மணிச்சத்தம் பூசைக்கு வராதவர் காதிலும் விழுமே.